கயலின் கல்யாணமும் இரண்டு பாஸ்போர்ட்டுகளும்

புதுச்சேரி,
மார்கழி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான்கு பக்கங்களில் மூன்று கெடிலத்தில் தண்ணீர் ஏறியதற்கும் உன் வீட்டுக்காரரின் சர்க்கரைக்கும் போய்விட்டன. கயலுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். முக்கியமானதைக் கடைசியில் சொல்வது உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வழக்கம். மிகவும் மகிழ்ச்சி. மஞ்சக்குப்பத்துக்கு வந்து உன் பேத்திக்குத் தலை சீவி விடவாவது என் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

பையன் வில்லியனூர்க் குடும்பம், தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர், மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவர்கள் என்று எழுதியிருந்தாய். சொந்தக்காரர்கள் எல்லாம் கயலுக்கு லாட்டரி அடித்ததுபோலப் பேசுகிறார்கள் என்றும், உனக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது என்றும் எழுதியிருந்தாய். உன் வயிறு சரியாகத்தான் சொல்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. பிரெஞ்சில் இருக்கும் பிறப்பு, கல்யாணப் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவள் நான். அந்தக் காகிதங்கள் குடும்பங்களைச் சேர்த்து வைத்ததையும் பார்த்திருக்கிறேன், பிரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரிந்ததுதான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் புதுச்சேரி இந்தியாவோடு சேரலாமா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்தான், அதுவும் மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படி கை மாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர அத்தனை காலம் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட எட்டு வருடமும் நாங்கள் காகிதத்தில் பிரெஞ்சுக்காரர்கள், தெருவில் நிற்கிற போலீஸ்காரர் இந்தியர்.

அந்த 1962 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் தவணை. இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிற பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் தானாகவே இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தவர் இந்தியர், எழுந்து போனவர் பிரெஞ்சுக்காரர். என் அப்பா சும்மா இருந்தார், சித்தப்பா எழுந்து போனார். அப்பாவிடம் தேசப்பற்று இருந்ததாக நான் சொல்லமாட்டேன். கையில் இருந்த அரசாங்க வேலை போய்விடுமோ என்ற கவலைதான் இருந்தது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர், அவருக்குப் பென்ஷன் கவலை. இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தவர்கள். இன்று அவர் பேரப்பிள்ளைகள் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் முத்தியால்பேட்டையில் இருக்கிறார்கள்.

கல்யாணம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா முடிவு செய்வார், அவர் இல்லாவிட்டால் அம்மா. பதினாறு தாண்டிக் கல்யாணமும் ஆன பையன் தானே முடிவு செய்துகொள்ளலாம். பெண்பிள்ளைக்கு அந்த வசதி எழுதப்படவில்லை. ஆனால் அதே பிரிவில், கணவனின் முடிவு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது என்றும் ஒரு வரி உண்டு. அந்தக் காலத்துக்கு அது நியாயமான வரி, மனைவியைத் தனி ஆளாக மதித்த வரி. ஆனால் யார் போய் அவளிடம் சொன்னார்கள்? சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வீட்டுக்கே சேர்த்துப் போட்டதாக நினைத்துக்கொண்டார். சித்தியும் அப்படியே நினைத்தார். தவணை முடிந்து வெகுநாள் கழித்து அவர் பெயருக்குக் காகிதம் கேட்டபோதுதான் கணவரும் பிள்ளைகளும் ஒரு நாடு, அவர் வேறு நாடு என்று தெரிந்தது. அதைச் சரிசெய்ய அவர் அலைந்த அலைச்சலைச் சொன்னால் இந்தக் கடிதம் முடியாது. பெண்களுக்கு உரிமை கொடுத்துவிட்டு அதை அவர்களிடம் சொல்லாமல் இருப்பதுகூட ஒருவகைச் சாமர்த்தியம்தான்.

இப்போது கயலுக்கு வருகிறேன். அந்தப் பையனைக் கட்டிக்கொண்ட மறுநாளே அவள் பிரெஞ்சுக்காரி ஆகிவிட மாட்டாள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரரைக் கட்டிய பெண் தாலி ஏறியதும் பிரெஞ்சுக்காரி. 1973-இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது கல்யாணமாகிக் குறைந்தது நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், சில நிலைகளில் ஐந்து. பிரெஞ்சு மொழியில் தேர்ச்சியையும் காட்ட வேண்டும். அதுவரை அவள் தங்குவதற்கான அட்டையை வைத்துக்கொண்டு, அதைப் புதுப்பித்துக்கொண்டு, கணவரின் தயவில் அங்கே இருப்பவள். கணவர் நல்லவராக இருந்தால் இது வெறும் காகித வேலை. இல்லாவிட்டால் அந்த அட்டையே கழுத்தைப் பிடிக்கும். அப்படி மாட்டிக்கொண்ட பெண்களின் காகிதங்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அதனால் மொழியை இப்போதே படிக்கச் சொல். நகைக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை அதற்குச் செலவழி.

கல்யாணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் தூதரகத்தில் மாப்பிள்ளை சான்றிதழ் வாங்க வேண்டும். கல்யாண அறிவிப்பை ஒட்டுவார்கள். பெண்ணையும் பையனையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம், தனித்தனியாகக்கூட. காகிதத்துக்காகக் கட்டிக்கொள்கிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம். "எங்கே சந்தித்தீர்கள்?" என்று கேட்டால் கயல் என்ன சொல்வாள்? "பாட்டி பார்த்து முடிவு செய்தார்" என்பதுதானே உண்மை! அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம் என்று சொல். நம் வீடுகளில் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று புதுச்சேரித் தூதரகத்துக்குத் தெரியாதா என்ன.

பிரெஞ்சுக் குடியுரிமை வாங்குகிற அன்று அவள் இந்தியக் குடியுரிமை போய்விடும். 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அது: தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியர் இல்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிறகு ஓசிஐ அட்டை, அதாவது ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா என்ற அட்டை, வாங்கிக்கொள்ளலாம். வரலாம், போகலாம், வங்கிக் கணக்கு வைக்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லையை அவள் பெயரில் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அதற்குமுன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடு. ஓசிஐ என்பதில் சிட்டிசன் என்ற சொல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதே. 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பு, அந்த அட்டைக்காரர்கள் பத்திரிகை வேலைக்கும் மதப் பிரசாரத்துக்கும்கூடத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. கல்யாண உறவால் மட்டும் அந்த அட்டை பெற்ற வெளிநாட்டுக்காரருக்கு விவாகரத்தானால் அட்டையும் ரத்தாகும்.

பிள்ளை பிறந்தால் என்று கேட்டாய். அப்பா பிரெஞ்சுக்காரர் என்பதால் எங்கே பிறந்தாலும் பிரெஞ்சுதான், பதிவு மட்டும் செய்ய வேண்டும். பிரான்சில் பிறந்த பிள்ளை இந்தியராக வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்து, வேறு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது ஓதினால் கேட்காதே.

பிள்ளைக்கு நாடு கொடுக்கத் தாய்க்கு உரிமை உண்டா என்ற இந்தக் கேள்வி உன் வீட்டிலேயே வந்த கேள்விதான். உன் கொழுந்தனாரின் மருமகள் கிள்ளான்காரி, பிரசவம் கடலூரில் ஆகி, மலேசியத் தாயின் பிள்ளை மலேசியர் இல்லை என்றார்கள். அப்பா மலேசியராக இருந்து வெளிநாட்டில் பிறந்திருந்தால் பிள்ளைக்குச் சிக்கலே இல்லை. 2024 அக்டோபரில்தான் அவர்கள் நாடாளுமன்றத்தின் கீழவை அதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது, அதுவும் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு. இந்தியாவைக் குறை சொல்ல அவர்களுக்கும் வாய் கிடையாது, நமக்கும் அவர்களைச் சொல்ல வாய் கிடையாது. இங்கேயும் 1992 டிசம்பருக்கு முன்னால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா வழியாக மட்டும்தான் குடியுரிமை வந்தது.

போன மாதம் கீழ்ப்புத்துப்பட்டுக்குப் போயிருந்தேன். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இருக்கிற அதே ஊர்தான். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உனக்குத் தெரியும். மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். பழைய மாணவி ஒருத்தியின் மாமியார் வீடு அங்கே. அவள் இந்தக் கரைப் பெண், காலாப்பட்டுக்காரி, விரும்பிக் கட்டிக்கொண்டாள். பையன் முகாமிலேயே பிறந்து இங்கேயே படித்தவன். ஆனால் அவன் பெற்றோர் படகில் வந்தவர்கள், கையில் பாஸ்போர்ட் இல்லை. சட்டத்தின் கண்ணில் அப்படி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், இன்னொருவர் இந்தியராக இருந்தும் பிறப்பால் குடியுரிமை இல்லை. அவனையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதுதான் அவளுடைய கேள்வி. "டீச்சர், என் பிள்ளை யார்?" என்று கேட்டாள். நீ கேட்ட அதே கேள்வி. உனக்கு மூன்று பக்கம் பதில் எழுத முடிகிறது. அவளிடம் நல்ல வக்கீலைப் பார் என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வில்லியனூரில் பிறந்து, பிரான்சைப் படத்தில் மட்டும் பார்த்த பெரியவர் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார். 2012-லிருந்து வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று தனி எம்.பி.யே உண்டு. அங்கிருந்து சிறிது நேர பஸ் பயணத்தில், இந்த மண்ணிலேயே பிறந்தவன் ஊராட்சித் தேர்தலில்கூட ஓட்டுப் போட முடியாமல் நிற்கிறான். நான் அந்தப் பெரியவர் மேல் பொறாமைப்படவில்லை, என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர்தானே. ஒரு ஒப்பந்தம் எழுத இரண்டு அரசுகள் உட்கார்ந்ததால் இவருக்கு ஒரு தவணையும் ஒரு கையெழுத்தும் கிடைத்தன. முகாம்காரனுக்கு அப்படி யாரும் உட்காரவில்லை என்று சொல்லலாமா என்றால், அதுவும் முடியாது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்தார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக்கப்பட்ட தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கு போட்டார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. முகாம்களில் அந்த மலையகத்தாரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது நம் சர்ச் முற்றத்தில் ஒருவர், "நமக்கென்ன, கிறிஸ்தவர் பெயரும் பட்டியலில் இருக்கிறதே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்: இவர்களுக்குத்தான் அந்தச் சட்டம் குடியுரிமைக்கு வழி விடுகிறது. கீழ்ப்புத்துப்பட்டில் இருப்பவர்கள் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்தான். மதம் பட்டியலில் உண்டு, நாடு இல்லை. பக்கத்து நாட்டில் அடிபட்டு வந்த முஸ்லிமுக்கோ நாடு பட்டியலில் இருந்தாலும் மதம் இல்லை. அடிபட்டவருக்கு அடைக்கலம் என்றால் அடியைப் பார்க்க வேண்டும், நெற்றியைப் பார்க்கக் கூடாது. நம் புதுச்சேரிச் சட்டமன்றம் 2020 பிப்ரவரியில் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. விதிகள் 2024 மார்ச்சில் வந்தேவிட்டன.

எல்லாமே இருட்டு என்று எழுத மாட்டேன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் இந்தியர் என்று சட்டமே சொல்வதால். 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அவருடைய தம்பி தங்கைகள் யாராவது அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தால் அவர்களுக்கு அந்த வழி இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்கிறது. சிறைப் பயம் போனது. குடியுரிமை வரவில்லை.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்று நாம் பேசுவோமே, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு கரீபியன் கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் ஓட்டுரிமை கேட்டு வழக்காடியவர் ஆன்றி சிதம்பரம். 1904-இல் தொடங்கினார், 1923-இல்தான் பிரான்ஸ் ஒத்துக்கொண்டது. அவர் பெயரைப் பிரெஞ்சில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் நம் சிதம்பரத்தையே அடையாளம் தெரியாது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. கயலின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கிறதா, அப்பா பெயர் முழுதாக இருக்கிறதா? பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் அதே எழுத்துகள்தானா? பிரெஞ்சுக்காரர்களுக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாது, குடும்பப் பெயர் எது என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன் இதைச் சரிசெய்வது எளிது, பின்னால் தலைவலி. மூன்றையும் நகல் எடுத்துத் தபாலில் அனுப்பு. மாப்பிள்ளையின் தாத்தா எங்கே பிறந்தவர் என்றும் கேட்டு எழுது. வியட்நாமின் சைகோனில் பிறந்தவர் என்றால் கதையே வேறு, ஒப்பந்தம் பேசுவது இங்கே பிறந்தவர்களைப் பற்றி மட்டும்தான். சம்பந்தி வீட்டில் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நான் கேட்கிறேன் என்று சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரரைப் பொங்கலுக்குக் கரும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜோசபின்