ஆலிவ் சாடிக்கும் வற்றல் தட்டுக்கும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இந்தப் பருவத்து ஆலிவ் ஊறி முடிந்தது. காய்கறி வற்றலும் புட்டிக்குள் போய்விட்டது. எந்த வேலை எதைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லியே உங்களுக்கு நன்றி கூற விரும்புகிறோம்.

முதலில், காய் பொறுக்கியவர்களுக்கு. அடிபட்டதையும் ஈ துளைத்ததையும் ஒன்றுவிடாமல் ஒதுக்கினீர்கள். அப்படி ஒரு காய் உள்ளே போனால் தான் குழைவதோடு நிற்காது, சாடியையே கெடுத்துவிடும்.

பச்சைக் காய் தட்டியவர்களின் கைப்பக்குவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மரக்கட்டையால் தட்டும்போது சதை பிளக்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. பிளந்த இடம் காற்றுப் பட்டால் பழுப்பேறும் என்பதால் தட்டத் தட்டவே தண்ணீரில் போட்டீர்கள். ஒலியூரோபீன் என்ற கசப்புப் பொருள் அந்தப் பிளவின் வழியாகத்தான் சீக்கிரம் வெளியேறும். தினமும் தண்ணீர் மாற்றியவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஒரு வாரத்தில் கசப்பு இறங்காதபோது, கடித்துப் பார்த்துக்கொண்டே மேலும் சில நாள் மாற்றினீர்கள். அதன்பிறகுதான் லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் உப்பு, 250 மில்லி வினிகர் (5 சதவீதப் புளிப்புள்ளது) என்று கலந்து ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம்.

முழுக் காய்களுக்கு லிட்டருக்கு 100 கிராம் உப்பு. அவை ஊற மாதக்கணக்கில் ஆகும். இங்கே உப்பைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்தவர்தான் எங்களைக் காப்பாற்றினார். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. உப்பு குறைந்தால் காய் கொழகொழத்துப் போகும். காய்கள் மிதக்காதபடி மேலே தட்டு வைத்து அழுத்தியதும், அவ்வப்போது படிந்த வெள்ளை ஆடையை வழித்தெடுத்ததும் நீங்கள்தான். அந்த ஆடை ஈஸ்ட், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நாற்றமெடுத்துக் குழைந்த சாடியை ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். புளிப்புமானி (pH அளக்கும் கருவி) 4.6க்குக் கீழே காட்டுகிறதா என்று ஒவ்வொரு சாடியாகச் சோதித்தவருக்கும் நன்றி. மூக்குக்கும் நாக்குக்கும் எட்டாத ஆபத்து, அதாவது பொட்டுலிசம் என்ற கொடிய கிருமி நஞ்சு, அந்த எண்ணுக்கு மேலேதான் இருக்கிறது.

நன்கு பழுத்த கறுப்புக் காய்களுக்கு உலர் உப்பு முறை: இரண்டு கிலோ காய்க்கு ஒரு கிலோ உப்பு. அடியில் சாறு வடிய இடம்விட்டு, வாரம் ஒருமுறை புரட்டிக் கொடுத்தீர்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் தோல் சுருங்கிப் பக்குவமாகிவிட்டது.

வற்றல் பக்கம் வருவோம். காய்களை 5 மில்லிமீட்டர் கனத்தில் சீராக அரிந்தவர்களுக்கு நன்றி. கனம் மாறினால் ஒரு துண்டு முறியும், பக்கத்துத் துண்டு உள்ளே ஈரமாகவே இருக்கும். கேரட்டையும் பீன்ஸையும் முதலில் கொதிநீரில் போட்டெடுத்தோம். நொதிகள் அடங்காவிட்டால் உலர்ந்த பின்னும் நிறமும் மணமும் கெட்டுக்கொண்டே போகும். தக்காளி, வெங்காயத்துக்கு அது தேவையில்லை. உலர்த்தும் சூட்டை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்ற விடாமல் காத்தவருக்குச் சிறப்பு நன்றி. அவசரப்பட்டுக் கூட்டினால் மேல்தோல் இறுகி ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், சில வாரத்தில் பூசணம் பூக்கும்.

ஆறிய வற்றலைப் புட்டியில் முக்கால்வாசிக்கும் குறைவாக நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்த்தீர்களே, அதை மறக்க மாட்டோம். இரண்டு புட்டிகளில் மூடியின் உட்புறம் கடுகளவு நீர்த்துளிகள் நின்றதைக் கண்டு, உடனே தட்டுக்குத் திருப்பினீர்கள்.

தக்காளி வற்றலைப் பூண்டோடு எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்க இருந்ததைத் தடுத்தவருக்குக் கடைசி நன்றி. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நஞ்சு உருவாகலாம். இப்போது அது உலர்ந்தபடியே இருக்கிறது. எண்ணெய் சேர்ப்பது உண்ணும் நேரத்தில் மட்டும்.

உங்கள் பங்குச் சாடிகளில் ஊறவைத்த தேதியும் உப்பின் அளவும் ஒட்டியிருக்கிறோம். உலர் உப்பில் பதப்படுத்திய கறுப்புக் காயை முதலில் எடுத்துச் சாப்பிடுங்கள். தட்டிய பச்சைக் காய் குளிரில் கொஞ்சம் காத்திருக்கும்.

நன்றியுடன்,
சாடிகளைப் பார்த்துக்கொள்பவர்கள்