குண்டு துளைக்காத கண்ணாடி கேட்டு வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நகைக்கடை முதலாளிமார், அடகுபிடிக்கிறவர்கள், காசு ஏற்றி இறக்கும் வான் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அண்மையில் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதே தடிப்புக் கண்ணாடி வேறு இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்குதே, நீங்கள் ஏன் இவ்வளவு சொல்லுறீங்கள்?" கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விடயம் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

நாங்கள் விற்கும் கண்ணாடியோடு ஒரு பரிசோதனை அறிக்கை வரும். விலையில் ஒரு பங்கு அதற்குத்தான். பாதி விலைக்காரரிடமும் அதைக் கேளுங்கள். காட்டினால் தாராளமாக அங்கேயே வாங்குங்கள், எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் தாளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அதிகம் பேசப்படுவது இ.என். 1063 என்ற ஐரோப்பியத் தரம். அரை மீற்றருக்கு அரை மீற்றர் துண்டொன்றைச் சட்டத்தில் இறுக்கி, நேர் எதிரே நின்று மூன்று வெடி வைப்பார்கள். மூன்றும் முக்கோணமாக, ஒன்றுக்கொன்று 120 மில்லிமீற்றர் தள்ளி விழ வேண்டும். சன்னத்தின் வேகத்தையும் அளப்பார்கள். குறித்த வேகத்தில் போகாத வெடி கணக்கில் சேராது. கண்ணாடிக்குப் பின்னால் அரை மீற்றர் தள்ளி மெல்லிய அலுமினியத் தாள் விரித்திருக்கும். சன்னம் உள்ளே வராவிட்டாலும், கண்ணாடியின் உள்பக்கம் சிதறி அந்தத் தாளைக் கிழித்தால் அறிக்கையில் 'எஸ்' என்று போடுவார்கள். தாள் கிழியாவிட்டால் 'என்.எஸ்.' சாரதியின் முகம் கண்ணாடிக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வானுக்கு 'என்.எஸ்.' இல்லாத கண்ணாடியை நாங்கள் எடுப்பதே இல்லை. 'என்.எஸ்.' கண்ணாடியில் உள்பக்கம் பொலிகாபனேற் என்ற உறுதியான பிளாஸ்ரிக் படை இருக்கும், அதனால்தான் விலையும் ஏறுகிறது.

சரி, எந்தச் சன்னத்துக்கு? அதை இ.என். 1063 'பி.ஆர்.' என்ற வகுப்புகளாகப் பிரிக்கிறது. அறிக்கையில் பி.ஆர். 2 என்றிருந்தால் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி, செக்கனுக்கு 400 மீற்றர் வேகம். பி.ஆர். 4 என்றால் 44 மக்னம் ரிவோல்வர், 440 மீற்றர். பி.ஆர். 6 என்றால் 7.62க்கு 51 ரைபிள் சன்னம் (முதல் எண் சன்னத்தின் விட்டம், அடுத்தது கோதின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில்), 830 மீற்றர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் கேட்பது "ரி-56 தாங்குமா?" என்றுதான். யுத்தகாலத்தில் இங்கே வளர்ந்தவர்களுக்கு வேறு துப்பாக்கி ஞாபகத்துக்கு வருமா? ஆனால் ரி-56 என்ற அந்தச் சீனத் தானியங்கித் துப்பாக்கி சுடும் 7.62க்கு 39 சன்னத்துக்கு இ.என். 1063இல் தனி வகுப்பே கிடையாது. வி.பி.ஏ.எம். என்ற இன்னொரு ஐரோப்பிய முறையில் 6ஆம் நிலை அதற்குரியது: மென் உருக்கு நடுத்தண்டு உள்ள சன்னம், பத்து மீற்றர் தூரம், செக்கனுக்கு 720 மீற்றர். ஆகவே "ரி-56க்குத் தாங்கும்" என்று வாயால் சொல்பவரிடம் வி.பி.ஏ.எம். 6 அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். பி.ஆர். 4 தாளைக் காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். இராணுவ வாகனங்களுக்கு நேட்டோ இராணுவக் கூட்டணியின் ஸ்டானக் 4569 என்ற தரம் வேறாக இருக்கிறது. பவள் கவச வாகனத்தை ஒருகாலம் தினமும் வீதியில் கண்டதால் சிலர் அந்த அளவுக்குக் கேட்கிறார்கள். நகை கொண்டுபோகும் வானுக்கு அது தேவையும் இல்லை, வான் அந்தப் பாரத்தைத் தாங்கவும் மாட்டாது.

கண்ணாடி தவிர வானுக்குப் போடும் உருக்குத் தகட்டுக்கு வி50 என்று ஒரு வேகத்தைக் காட்டுவார்கள். பெரிய எண்ணாக இருக்கும், பார்க்க நல்லாயிருக்கும். அந்த வேகத்தில் வரும் சன்னங்களில் பாதி துளைத்துப் போகும், பாதி நிற்கும் என்பதே அதன் பொருள். பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரி. தகடுகளை ஒப்பிடப் பொறியியலாளருக்கு அது உதவும். உங்கள் உயிருக்கு உத்தரவாதமாக அதை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, அறிக்கை சொல்வது புதுத் துண்டைப் பற்றி, அதுவும் ஏறத்தாழ 18 பாகை வெப்பநிலையில். திருகோணமலை வெயிலில் பூட்டி நிற்கும் வானுக்குள் என்ன சூடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டால் படைகளுக்கு இடையிலுள்ள ஒட்டு விடத் தொடங்கும். முதலில் ஓரத்தில் பால் நிறமாக ஒரு கோடு, அப்புறம் குமிழ். அப்படிக் கண்டால் வானைக் கொண்டுவந்து காட்டுங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. உள்பக்கத்தை அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தாலோ தின்னராலோ துடைக்க வேண்டாம், பொலிகாபனேற் கெட்டுவிடும். மென்மையான துணியும் சவர்க்காரத் தண்ணீரும் போதும்.

பாரத்தையும் மறக்கக் கூடாது. கண்ணாடி ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ, 40 மில்லிமீற்றர் போட்டால் சதுர மீற்றர் நூறு கிலோவுக்குக் கிட்ட வரும். பழைய பிணைச்சலில் அதை மாட்டினால் சில மாதத்திலேயே கதவு தொங்கும், இடைவெளி விழும். கண்ணாடி எவ்வளவு நல்லதென்றாலும் அந்த இடைவெளியை யாரும் சுட்டுப் பரிசோதித்ததில்லை.

உருக்குத் தகடு வெட்டி வெல்டிங் போட்டுத் தரச்சொல்லிக் கேட்பவர்களுக்கு நாங்கள் இல்லை என்றுதான் சொல்கிறோம். கவசத் தகடு பலவற்றின் கடினம் ஏறத்தாழ 200 பாகைக்கு மேல் சூடேறினால் குறையத் தொடங்கும். வெல்டிங் போட்ட இடத்தை அண்டிய பகுதி அறிக்கையிலுள்ள தகடாக இருக்காது. அதைத் தெரிந்து செய்கிறவர்கள் வெல்டிங் போட்ட இடத்தின் பின்னால் இன்னொரு தகடு மேலேறி நிற்கும்படி அமைப்பார்கள். அந்த வேலை எங்கள் கராஜில் இல்லை.

இனி முற்பணம் வாங்க முன்னரே அறிக்கையின் பிரதியை உங்கள் கையில் தருவோம். அதிலுள்ள தொகுதி இலக்கத்தைக் கண்ணாடி மூலையில் அச்சடித்திருக்கும் இலக்கத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அளவெடுக்க வானைக் காலையிலேயே கொண்டுவந்தால் நல்லது, மத்தியானம் கதவில் கை வைக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாகனக் கண்ணாடிக் கடையினர்
உட்துறைமுக வீதி, திருகோணமலை