அடிக்கு ஓர் அங்குலம்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள முருகேசா,

நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நடுவில் பொங்கல் போய்விட்டது, கடைவீதியில் மாம்பழமே வந்துவிட்டது. திட்டுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. குடைப் பேச்சை மட்டும் மறுபடி ஆரம்பிக்காதே.

கமலாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. சின்னவன் பெங்களூரில் மறுபடியும் வேலை மாறிவிட்டான். தாடி இரண்டாம் தடவையாகப் பல் கட்டிக்கொண்டான், இந்த முறை அவன் சிரித்தால் குழந்தைகள் அழுவதில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இனி விஷயம். நான் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். பதறாதே, கடன் கேட்கப் போவதில்லை. 20 அடி அகலம், 48 அடி நீளமுள்ள வீடு. மொத்தமும் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் அடங்கிவிடுகிறது. அதனால் நாங்கள் ஐந்து மாதமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முட்டிவலி தீராததற்கு இதுதான் காரணம் என்று கமலா சொல்கிறாள்.

போன நவராத்திரியில் ஆரம்பித்தது. கொலுப்படியில் கமலாவின் தாய்வீட்டு மரப்பாச்சி ஜோடி நிற்குமே, அதைப் பார்த்துப் பேத்தி யாழினி, "இவங்க வீடு எங்க தாத்தா?" என்று கேட்டாள். படிதான் வீடு என்றேன். "படியில யாராவது குடியிருப்பாங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. அளவு எடுத்துப் பார்த்தேன், மரப்பாச்சி சரியாக ஐந்தரை அங்குலம். ஐந்தரை அடி ஆள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம், பன்னிரண்டில் ஒரு பங்கு. உலகம் முழுவதும் பொம்மை வீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் இதே கணக்கில்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்குப் புல்லரித்துப்போனது. நீ சிரிப்பாய். முப்பத்து மூன்று வருடம் ஸ்கேலும் பென்சிலுமாக பிளான் போட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

நீ டெல்லிக்காரன், ஒன்று சொல்கிறேன். நீ தினமும் பஸ்ஸில் கடந்து போனாயே ராஷ்டிரபதி பவன், அதைக் கட்டிய லட்யன்ஸ் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்து ராணி மேரிக்கு ஒரு பொம்மை வீடும் வடிவமைத்தார். 1924-இல் முடிந்தது. இன்றும் விண்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. அதுவும் அடிக்கு ஓர் அங்குலம்தான். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும். நூலகத்தில் கட்டைவிரல் அளவுப் புத்தகங்கள், அன்றைய எழுத்தாளர்கள் கையால் எழுதிக் கொடுத்தவை. ஒரு கையால் வைஸ்ராய்க்கு மாளிகை, இன்னொரு கையால் பொம்மைக்கு மாளிகை. எதை அதிகம் ரசித்துச் செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் குழாய் விஷயத்தில் எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. எதை வேண்டுமானாலும் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. சொட்டு எப்போதும் சொட்டுதான். பொம்மை வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு விழுந்தால் அங்கே இருப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம் விழுந்த மாதிரி. அதனால் என் வீட்டில் குழாய் கிடையாது. கிணறுதான், அதுவும் மூடிபோட்ட கிணறு.

மற்றதெல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கிறது முருகேசா. சமையல்கட்டில் போய்ப் பன்னிரண்டால் பெருக்கிப் பார். மிளகு மாதுளம்பழம். கடுகு சின்ன வெங்காயம். கசகசா சுண்டைக்காய். ரவை, இலையில் பரிமாறின சோறு. ஜவ்வரிசிக்கு மஞ்சள் தடவினால் எலுமிச்சை, கேசரிப் பவுடர் தடவினால் லட்டு. ஊர் முழுக்க ஜவ்வரிசி ஆலை இருந்தும் இத்தனை வருடம் அதைப் பாயசத்தில் போட்டு வீணடித்திருக்கிறோம். தட்டுவடை செட்கூடச் செய்துவிட்டேன், ஐந்து மில்லிமீட்டர் வடை, நடுவில் பீட்ரூட் சீவலுக்குச் சிவப்பு நூலின் பிசிறு. தாடி வந்து பார்த்துவிட்டு, "சட்னி எங்கேடா?" என்று கேட்டான். அவனுக்கு என்றைக்கும் அதே கவலைதான்.

துணிதான் மடங்காமல் படுத்துகிறது. எவ்வளவு மெல்லிய துணியும் அந்த அளவில் ஜமக்காளம் மாதிரி விறைத்து நிற்கும். துவைத்துத் துவைத்து நைந்த எட்டு முழ வேட்டியைக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஊசியால் மடிப்பு வைத்துக் காயவிட்டால்தான் கொடியில் காயப்போட்ட துணி மாதிரித் தொங்குகிறது. மரமும் அப்படித்தான். தேக்கின் ரேகை நமக்கு அழகு, அங்கே அது பிளந்த பலகை. ரேகை பொடிசாக இருக்கிற கட்டை வேண்டுமென்று ஏற்காடு போனேன். கமலாவையும் கூட்டிக்கொண்டு போனது என் தப்பு. இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலேயே சீட்டில் சாய்ந்துவிட்டாள், ஏரியைக்கூடக் கண் திறந்து பார்க்கவில்லை. எஸ்டேட்டில் கவாத்து பண்ணிப் போட்டிருந்த காப்பிக் கிளைகளை ஒரு கட்டுக் கட்டி எடுத்து வந்தேன். நல்ல கெட்டி, பொடி ரேகை. தூணெல்லாம் அதில்தான். நுனிக் குச்சிகள் அப்படியே குட்டி வேப்பமரம்.

எந்த வீடு என்று நீ இன்னும் கேட்கவில்லை. உன் வீடுதான். நம் சேலத்துக் குகைப் பகுதியில் இருந்ததே, அந்த வீடு. திண்ணை, ரேழி, முற்றம், மேலே ஓடு. விற்ற பிறகு நீ அந்தப் பக்கமே போகவில்லை என்று தெரியும். போகாதே, மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. நான் ஞாபகத்திலிருந்து வரைந்தேன். பன்னிரண்டு வருடம் உங்கள் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவன், எனக்கு அளவு மறக்குமா என்று நினைத்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

சனிக்கிழமை சாயங்காலம் யாழினியோடு தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். மாடியில் பாய் விரித்து உட்காருவோம். கத்தி என் கையில் மட்டும். ஃபெவிகுவிக்கும் அப்படித்தான், போன மாதம் ஒருவன் இரண்டு விரலை ஒட்டிக்கொண்டு, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரில் பிரித்தெடுப்பதற்குள் அவன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மற்றபடி மக்காச்சோள மாவும் ஃபெவிகாலும் கிண்டி, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுப் பிசைந்தால் களிமண் மாதிரி வரும், அதில் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். காய்ந்தால் சுருங்கும், அதுதான் சிக்கல். யாழினி பலாப்பழம் செய்தாள், மூன்றாம் நாள் அது நுங்கு ஆகிவிட்டது. கார்த்திகை மழையில் ஈரம் காயாமல் டப்பாவில் மூடிவைத்த நாற்பது இட்லிக்கும் பூஞ்சை பிடித்தது. "நிஜ இட்லி மாதிரியே கெட்டுப்போச்சு தாத்தா!" என்று ஒரே குதூகலம்.

அதில் செல்வி என்று ஒரு பெண், ஒன்பது வயது. அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை. வெள்ளி ஒரு துணுக்குகூட வெளியே வராது, பட்டறைத் தரையைக் கூட்டின தூசிக்கே கணக்கு உண்டு. ஆனால் அவர் எங்கிருந்தோ பித்தளைச் சலங்கை மணி வாங்கிக் கொடுத்தனுப்பினார். அதைப் பாதியாக அறுத்தால் இரண்டு கிண்ணம். வெண்காரம் வைத்து ஊதுகுழலால் ஊதிக் காது பற்றவைத்தால் வாணலி. இந்தப் பெண்ணுக்குச் சாமணம் பிடிக்கிற கை அப்படியே அப்பாவின் கை, நடுங்காது. என் கை நடுங்குகிறது.

நாலு வாரத்துக்கு முன்னால் அடுப்பங்கரையை முடித்து வைத்திருந்தேன். அடுப்பு, உறி, நாலு நாள் தேய்த்துச் செய்த கருங்கல் அம்மி. நான் கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் செல்வி ஒரு கட்டிலைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஐஸ் குச்சியில் செய்து, நூலால் பின்னினது. இடம் போதாமல் அம்மியை நெம்பித் தள்ளியதில் ஒட்டு விட்டுவிட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுப்பங்கரையில யாராவது கட்டில் போடுவாங்களா? அதுவும் மூணு அங்குலம்! மூணடிக் கட்டில்ல யாரு படுப்பா?" என்று சத்தம் போட்டேன். பையன்கள் சிரித்தார்கள். அவள், "எங்க வீட்ல போடுவோம் தாத்தா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

தமிழய்யா பிள்ளைத்தமிழ் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? சிறுமிகள் மணலில் சிற்றில் கட்டியிருப்பார்கள், காலால் அழித்துவிடாதே என்று பிள்ளையிடம் கெஞ்சுவார்கள். நீ பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்திருப்பாய். எனக்கு அந்த வாரம் முழுவதும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி, அம்மியை மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. உன் ஆயா எங்கேடா படுத்திருந்தாள்?

அடுப்பங்கரையில்தானே. மார்கழியில் நாம் கணக்குப் போடாமல் சூடு காய உள்ளே போவோம். ஆயா அடுப்போரம் கட்டிலில் காலை மடக்கிப் படுத்தபடி, பொரி எங்கே இருக்கிறது என்று கையைக் காட்டுவாள். ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்றுகூட நான் சரியாகப் போட்டிருக்கிறேன் முருகேசா. ஆயாவை விட்டுவிட்டேன். அந்த வீட்டைப் பார்த்தே இராத ஒரு குழந்தை கட்டிலை அதே இடத்தில் வைத்தாள், நான் தப்பு என்றேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். சலங்கை மணி இன்னும் வேண்டும் என்று அப்பாவிடம் சாக்குச் சொன்னேன். ஒரே அறை. கேஸ் அடுப்பு, அதை ஒட்டிக் கட்டில், கட்டிலில் ஒரு பாட்டி. செல்வி கதவுக்குப் பின்னால் நின்றாள். மன்னிப்பெல்லாம் எனக்கு வாயில் வராது, உனக்குத்தான் தெரியுமே. "சனிக்கிழமை அந்தக் கட்டிலை எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

"அளவு தப்புன்னீங்களே?"

"தப்பா சரியான்னு பாக்கணும்."

"தம்பி மிதிச்சு ஒடைச்சுட்டான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேற செய்யலாம்" என்றாள்.

ஆகவே எனக்கு அவசரமாக அளவு வேண்டும். போனில் சொல்லாதே, போனில் நீ சொல்லும் அளவு எப்போதும் ஒரு சாண் கூடிவிடும். யோசித்து எழுது. கட்டில் எவ்வளவு நீளம்? நாலடியா, நாலரையா? அடுப்புக்கு வலப்பக்கமா, பின்கதவுப் பக்கமா? தலைமாடு எந்தத் திசை? தங்கச்சி ஆறேழு வருடம் அந்த அடுப்பில் சமைத்தவள், உன்னைவிட அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும். முதலில் அவளைக் கேள்.

வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி ஸ்பீட் போஸ்ட்டில் போடு. காசு நான் தருகிறேன், குடைக்கணக்கில் கழித்துக்கொள்.

அன்புடன்,
வேலு

பி.கு.: முக்கியமானதை விட்டுவிட்டேன். கயிற்றுக் கட்டிலா, நாடாக் கட்டிலா? செல்வி இப்போதே கேட்டிருக்கிறாள், பின்னல் வேறாம்.