புரோகிரசிவ் கண்ணாடிக்கு உயர அளவும் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோமனூரில் முப்பது ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டி வருகிறேன். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, இழைகளைப் பிரித்து நிறுத்தும் விழுதிலும் அச்சிலும் கோத்து முடிச்சுப் போட வேண்டும். இது கைக்கெட்டும் தூரத்து வேலை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மட்டுமே பவர் உள்ள, கோடு போட்ட பைஃபோகல் கண்ணாடியில் இந்த இடைப்பட்ட தூரம் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால்தான், மேலே தூரப் பார்வையில் தொடங்கிக் கீழே வாசிப்புவரை பவர் சிறிது சிறிதாகக் கூடிச் செல்லும் புரோகிரசிவ் லென்ஸுக்குச் சென்ற தை மாதம் மாறினேன்.

முதல் நாள் தறிக்கொட்டகைப் படியில் இறங்கும்போது தரை மேலெழுந்து வருவதுபோல் தோன்றி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையைத் திருப்பினால் ஓரத்தில் அடுக்கியிருந்த நூல் கோன்கள் அசைவதுபோல் தெரிந்தன. கடையில் கேட்டபோது, "ரெண்டு வாரம் விடாம போடுங்க, தானா பழகிருமுங்க" என்றார்கள். அவர்கள் சொன்னபடியே தரை நேரானது, அசைவும் நின்றது. ஆனால் இழை கோக்கும்போது மோவாயைத் தூக்கினால்தான் அச்சு தெரியும் என்ற நிலை மட்டும் ஒரு மாதமாகியும் மாறவில்லை. மாலையில் பின்கழுத்து இறுகிப்போகும். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதே பதில்தான் கிடைத்தது.

கோவையில் வேறொரு கடையில் பணிபுரியும் பெண் ஒருவர் என் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு லென்ஸிலும் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறித்திருக்கும் இரண்டு சிறு குறிகளைக் காட்டினார். அந்தக் குறிகளைக் கொண்டு, லென்ஸ் பொருந்த வேண்டிய புள்ளியைப் பேனாவால் குறித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகப் பார்க்கச் சொன்னார். புள்ளி என் கண் பாவைக்கு நேராக இல்லை. 4 மில்லிமீட்டர் கீழே இருந்தது. வாசிப்புப் பகுதியும் அந்த அளவுக்குக் கீழே போய்விட்டதால்தான் மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: முதல் கடையில் இரு கண்களுக்கு இடையேயான தூரத்தை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்தார்கள், நான் தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் மாட்டிக் கண் எந்த உயரத்தில் நிற்கிறது என்று யாரும் பார்க்கவேயில்லை. அந்தப் பெண் எழுதிக் கொடுத்த அளவைக் காட்டியதும் அதே கடையில் மறுப்புச் சொல்லாமல் லென்ஸை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு மூன்றே நாளில் கழுத்து வலி நின்றது.

வாசகர்கள் இங்கே இரண்டு தொல்லைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில் மங்கலாகத் தெரிவது லென்ஸின் இயல்பு. துணியை நடுவில் இழுத்துப் பிடித்தால் ஓரத்தில் சுருக்கம் விழுவதுபோல, ஒரே பரப்பில் பவரைக் கூட்டிக்கொண்டே போனால் பக்கவாட்டில் உருவம் கோணுவதைத் தவிர்க்க முடியாது. 1959-இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்ற பெயரில் இவ்வகை லென்ஸ் வந்ததிலிருந்து எத்தனையோ திருத்தங்கள் நடந்தும் அந்தச் சுருக்கம் குறைந்திருக்கிறதே தவிர, மறையவில்லை. இதற்குக் கண்ணும் மூளையும் பழகிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க விழியை ஓட்டாமல் தலையைத் திருப்புவது, வண்டி ஓட்டும்போது அதையே கவனமாகச் செய்வது, பழைய கண்ணாடியை இடையிடையே மாட்டாமல் காலை முதல் இரவுவரை புதியதையே அணிவது ஆகியவை போதும். அளவுத் தவறு அப்படிப்பட்டதன்று. அதற்குக் கழுத்துதான் வளையும், கண் பழகாது. முதல் தொல்லைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இரண்டாவதற்கும் சொல்லி அனுப்புவதால், நல்ல கண்ணாடி வேண்டியவர்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதை மேசை அறைக்குள் போட்டுவிட்டுப் பழைய கண்ணாடிக்கே திரும்பிவிடுகிறார்கள். என் தெருவிலேயே இருவர் அப்படி இருக்கிறார்கள்.

படிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருதமலையில் படியிறங்கும் பெரியவர்கள் லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகக் காலடியைப் பார்த்தால், வாசிப்புக்கான பவரில் படி மங்கித் தெரியும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகத்தான் பார்க்க வேண்டும். வெளியே அதிகம் நடமாடும் முதியவர்களுக்குத் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாகக் கொடுத்தபோது அவர்கள் தடுக்கி விழுவது குறைந்தது என்று 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு கூறுகிறது. உங்கள் வீட்டில் அப்படி வெளியே நடமாடும் பெரியவர் யாராவது ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்தால், அவருக்கு இது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துக் கண்ணாடிக்கடை உரிமையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஃபிரேமை வாடிக்கையாளர் முகத்தில் மாட்டி, மூக்குப் பட்டையைச் சரிசெய்த பிறகு, மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ள தூரத்தையும் கண்ணின் உயரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். அந்த அளவுகளைப் பவர் எழுதும் சீட்டிலேயே குறித்துத் தர வேண்டும். லென்ஸ் வந்ததும் அதன்மேல் அச்சிட்டிருக்கும் மஞ்சள் அல்லது வெள்ளைக் குறிகளை உடனே துடைத்துவிடாமல், வாடிக்கையாளர் அணிந்தபின் கண் பாவைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகே துடைக்க வேண்டும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பேனாவும் ஒரு ஸ்கேலும் ஐந்து நிமிடமும் போதும்.

இப்படிக்கு,
விசைத்தறி உரிமையாளர் ஒருவர்,
சோமனூர், கோவை மாவட்டம்.