ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து இறக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஷீட் வீடுகளைப் பிரித்துவிட்டு மாடி கட்டுவது எங்கள் பக்கம் இப்போது வேகமாக நடக்கிறது. பிரிக்கிற விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது. போன வாரம் பக்கத்துத் தெருவில் ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துருவேறிக் கழலவில்லை என்று சம்மட்டியால் அடித்தே ஷீட்டைக் கீழே தள்ளினார்கள். மேலே நின்ற பையனுக்குப் புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. மூக்கில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை.

அந்தத் தூசியில் இருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை கண்ணுக்குத் தெரியாது. துணியும் அதைத் தடுக்காது. மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். அதை விழுங்கி அழிக்க வரும் உடலின் செல்களைவிட இழை நீளமாக இருப்பதால், அந்தச் செல்கள்தான் சாகின்றன. அந்த இடம் புண்ணாகித் தழும்பாகிறது. தழும்பு கூடக் கூட நுரையீரல் விரியாது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமாவும் இதே இழையால் வருபவை. பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தெரியவரும். பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும்.

நம் ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார், அது ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்கள் உண்டு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அதற்காக, உடையாத கூரைக்கு அடியில் குடியிருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. அறுப்பதும், துளையிடுவதும், உடைப்பதும்தான் பெரிய ஆபத்து. தூசி படிந்த சட்டையை வீட்டில் உதறித் துவைக்கும் பெண்களுக்கும் அது போய்ச் சேர்கிறது.

கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூரை மேல் நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எந்தப் பதிவேடு இருக்கிறது? இருமலோடு போனால் ஆஸ்துமா, டிபி என்று மருந்து எழுதுகிறார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று மருத்துவர்கள் முதலில் கேட்க வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஷீட்டை நனைத்து, போல்ட்டை வெட்டி, முழுசாக இறக்கினால்தான் இடிக்க அனுமதி என்று உள்ளாட்சிகள் நிபந்தனை போடட்டும். உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பக் கொட்டாமல், பாலித்தீனில் கட்டித் தனியாக வாங்கிக்கொள்ள நகராட்சியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.