கரையான் அரித்த சட்டம்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புதுதில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை வாகனங்களுக்கெனத் தங்கள் அமைச்சகம் தனியான பதிவு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நடைமுறை, புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற அடையாளம், முன்பே பதிவான வண்டிகளுக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் உரிமை, விண்ணப்பித்த அறுபது நாள்களுக்குள் சான்றிதழ் என அதில் எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்து வரவேற்க நிறையவே இருந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்ற கட்டணத்திலும் எனக்குக் குறையில்லை. என் குறை அந்த விதிகளில் உள்ள ஒரே ஒரு சொற்றொடரைப் பற்றியது. வாகனம் அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், பெருமளவிலான சீரமைப்பு எதற்கும் உட்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. ‘பெருமளவிலான’ என்றால் எவ்வளவு, ‘சீரமைப்பு’ என்றால் எது என்பதைத் தெளிவாக வரையறுத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1952ஆம் ஆண்டின் எம்ஜி டிடி என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் நகரத்தில் 1949இன் இறுதி தொடங்கி 1953 வரை 29,664 வண்டிகள் இவ்வகையில் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. நம் நாட்டுக்கு வந்தவை மிகச் சிலவே. என் வண்டி கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றின் பழைய பஞ்சுக் கிடங்கில், கூரையிலிருந்து மழைநீர் ஒழுகும் மூலையில், பல்லாண்டுகள் கிடந்தது. மடக்குக்கூரையின் துணி எலிகளுக்குக் கூடாகியிருந்தது. இன்ஜினில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. டீசலும் ஆயிலும் கலந்து ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஊற்றி, ஏறக்குறைய இரண்டு மாதம் நாள்தோறும் தட்டிப் பார்த்த பிறகே அவை அசைந்து கொடுத்தன. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் வேலை நடந்தது.

இன்ஜின் வேலையை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். 1,250 சிசி கொள்ளளவும் இரட்டை எஸ்யு கார்புரேட்டர்களும் கொண்ட, 54 குதிரைத்திறன் தரும் எளிய இன்ஜின் அது. சிலிண்டரைப் போர் அடித்து, அதாவது உட்பக்கத்தைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வுகளை உட்கார வைத்தால் ஓடும். எங்கள் ஊர் லேத் பட்டறைகளுக்கு இது புதிய வேலையுமன்று. ஆனால் ஒரு செய்தியைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இந்த இன்ஜினில் உள்ள போல்ட்டுகளின் தலை விட்வொர்த் என்னும் பழைய ஆங்கிலேய அளவு. மரையோ மெட்ரிக் அளவு. கவென்ட்ரியில் இருந்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் இன்ஜின் தொழிற்சாலையை, எம்ஜி வண்டிகளுக்கு இன்ஜின் தந்த மோரிஸ் நிறுவனம் 1923இல் வாங்கியபோது, அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மரை வெட்டுபவையாக இருந்தன. இயந்திரங்களை மாற்றுவதற்குப் பதிலாக ஆங்கிலேய ஸ்பானருக்குப் பொருந்தும்படி போல்ட்டின் தலையை மட்டும் மாற்றினார்கள். இன்று கடையில் எட்டு மில்லிமீட்டர் போல்ட் கேட்டால் 1.25 மில்லிமீட்டர் இடைவெளி மரை கொண்டதைத் தருவார்கள். இந்த இன்ஜினுக்கு வேண்டியது 1 மில்லிமீட்டர் இடைவெளி. தெரியாமல் கடை போல்ட்டை முறுக்கினால் பிளாக்கின் மரை சிதைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியே கடைந்தோம். அசல் வடிவம் என்பதில் எங்களுக்கு உள்ள அக்கறை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்த பொருளுக்கு வருகிறேன். இந்தக் காரின் உடல் முழுவதும் இரும்பால் ஆனதன்று. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டகம் இரும்பு, அதன்மேல் உட்காரும் உடலோ ஆஷ் என்னும் ஐரோப்பிய மரத்தால் செய்த சட்டகம். அந்தச் சட்டங்களின்மேல் தகட்டை மடித்து ஆணியடித்திருப்பார்கள். நிலையான கூரை உள்ள காரில் தூண்களைக் கூரை பிடித்துக்கொள்ளும். மடக்குக்கூரைக் காரில் அந்தத் துணை கிடையாது. கதவைத் தாங்கும் மரத்தூண்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. அதிலும் எம்ஜி டிடியின் கதவுகள் பின்பக்கம் கீல் வைக்கப்பட்டவை, அதாவது முன்பக்கம் திறப்பவை. கீலின் திருகாணிகள் பிடித்திருப்பது மரத்தை. அந்த மரம் உளுத்துப்போனால், வண்டி ஓடும்போது கதவு சற்றே விலகினாலும் எதிர்க்காற்று அதைப் பிடித்து முழுவதுமாக விரித்துவிடும். உள்ளே அமர்ந்திருப்பவர் சாலையில் விழுவார்.

என் வண்டியின் சட்டகத்தைக் கரையான் தின்றிருந்தது. இடது கதவுத்தூணை விரலால் அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கியது. தகட்டைக் கழற்றியபோது தூணின் கீழ்ப்பாதி மண்ணாகவே கொட்டியது. மேலே பூசிய பச்சைப் பெயிண்ட் மட்டுமே மரம் நின்ற வடிவத்தைக் காத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒருவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உளுத்த மரத்தை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே ஃபைபர் பசையை ஊற்றி, தகட்டின் மேல் பட்டி தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கண்காட்சியில் நிறுத்துவது. இது மலிவு, விரைவு, கண்ணுக்கும் குளிர்ச்சி. மற்றொன்று, தகட்டை முழுவதும் பிரித்து, மிஞ்சிய மரத்துண்டுகளை அளந்து, ஒவ்வொரு சட்டத்தையும் அதே அளவில், அதே இணைப்பு முறையில் புதிதாகச் செய்து, பழைய தகட்டையே மீண்டும் அதன்மேல் மடிப்பது. நான் இரண்டாவதைச் செய்தேன். எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர், வில்வண்டி செய்த குடும்பத்தில் வந்தவர், பதினோரு மாதம் இதற்காக உழைத்தார். ஆஷ் மரம் எங்கள் பக்கத்து மரக்கடைகளில் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க என்னிடம் பணமில்லை. ஆகவே நன்றாகக் காய்ந்த பழைய தேக்கு, இடித்த வீடு ஒன்றின் உத்தரம், அதைப் பயன்படுத்தினோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு; ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்த உடனே பசை வைத்து இறுக்காவிட்டால் இணைப்பு விட்டுப்போகும். இரண்டு தூண்களை அப்படிக் கெடுத்த பிறகே கற்றுக்கொண்டோம்.

விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில் செய்த வேலை அனைத்தையும் ஒளிக்காமல் எழுதினேன். மரச்சட்டகம் மாற்றப்பட்டது, மரம் தேக்கு, சிலிண்டர்கள் போர் அடிக்கப்பட்டன, பிரேக் குழாய்கள் புதியவை என்று வரிசையாகக் குறிப்பிட்டேன். அதை வாங்கிப் படித்த அலுவலர், கேலியாக அன்று, உண்மையான குழப்பத்தோடு, “உடல் மாற்றப்பட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பிறகு அசல் வடிவம் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?” என்று கேட்டார். என் மனு திருப்பித் தரப்பட்டது. வெளியே வந்தபோது, இதில் பழக்கமுள்ள ஒருவர் எனக்கு நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரை: “இதையெல்லாம் ஏன் சார் எழுதினீங்க? படம் நாலு எடுத்து வெச்சுக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. இன்றைய சொற்களின்படி, உளுத்த தூணின்மேல் பட்டி பூசியவர் அசல் வடிவத்தைக் காத்தவர். அத்தூணை மாற்றியவர் சீரமைப்புக்கு உட்படுத்தியவர். ஓடும்போது கதவு கழன்று விழக்கூடிய வண்டி விதிக்குள் வருகிறது. விழாத வண்டி வெளியே நிற்கிறது. அந்த அலுவலரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் உள்ள விதி அவருக்கு வேறு வழி காட்டவில்லை. தமிழில் மரச்சட்டத்துக்கும் அரசின் சட்டத்துக்கும் ஒரே சொல் என்பதை நினைத்து அன்று பேருந்தில் வரும்போது சிரித்துக்கொண்டேன். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

இதே சிக்கலைப் பிற நாடுகளும் சந்தித்திருக்கின்றன. பிரிட்டனில் நாற்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வண்டியில் பெரும் மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது 2018 மே 20 முதல் நிபந்தனை. நம் விதியைப் போன்றதே இதுவும். வேறுபாடு என்னவென்றால், பெரும் மாற்றம் எது, எது அன்று என்பதை அவர்கள் விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். பழைய சேசிஸை அதே வடிவத்தில் செய்த சேசிஸால் மாற்றினால் அது பெரும் மாற்றம் ஆகாது. அதே அடிப்படை இன்ஜினின் கொள்ளளவு வேறுபட்டாலும் ஆகாது. அசல் வகை உதிரிப்பாகம் நியாயமான முறையில் கிடைக்காதபோது வண்டியைக் காப்பாற்றுவதற்காகச் செய்யும் மாற்றமும் ஆகாது. இந்த மூன்றாவது வரி நம் விதியில் இருந்திருந்தால், தேக்கு மரம் பற்றிய என் வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலமாக மாறியிருக்காது. பன்னாட்டுப் பழமை வாகனக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் பாதுகாத்தல், மீட்டெடுத்தல் போன்ற சொற்களைத் தனித்தனியே வரையறுத்துப் பயன்படுத்துகிறது. கோயிலுக்குத் திருப்பணி செய்யும்போது சிதைந்த தூணை அதே கல்லில், அதே அளவில் செதுக்கி நிறுத்துவதையும், மண்டபத்தை இடித்துக் கான்கிரீட் கூடம் கட்டுவதையும் நாம் ஒன்றாகவா பார்க்கிறோம்?

அசலிலிருந்து விலகியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது என்ற இலக்கை நாடு 2025இல் எட்டியது. அந்தக் கொள்கையின் நன்மை தீமைகளுக்குள் நான் போகவில்லை. என் கார்புரேட்டரின் ஜெட்டைச் சுற்றியிருப்பது தக்கையால் ஆன வளையம். எரிபொருள் குழாய் அந்தக் காலத்து ரப்பர். பெட்ரோல் டேங்க் வெறும் இரும்புத்தகடு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துப் பிளக்கும், நீரை ஈர்த்துத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். டேங்க் பின்னால், குழாய் நெடுக, சூடான இன்ஜின் முன்னால் என்று அமைந்த காரில் குழாய் பிளந்தால் விளைவு தீ விபத்து. ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாயையும் வளையங்களையும் போட்டிருக்கிறேன். அசல் வடிவம் என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்ளும் அலுவலர் ஒருவர் நாளை இதையும் கேட்கலாம். அதற்கும் விதியில் விடை இல்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இவ்வாகனங்கள் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு அன்று என்பது விதி. அதை ஏற்கிறேன். ஆனால் முழுவதும் பிரித்துக் கோத்த வண்டி, பட்டறை வாசலைத் தாண்டி முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடினால்தான் அதன் குறைகள் தெரியும். என் வண்டியில் புது ரப்பர் போட்ட, பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர் ஒன்று பட்டறை வளாகத்துக்குள்ளேயே கசிந்தது. வேகம் பத்து கிலோமீட்டர் என்பதால் சுவரில் பம்பர் உரசியதோடு போயிற்று. அதே கசிவு முதன்முதலாகப் பேரணி நாளன்று, நெரிசலான சாலையில் வெளிப்பட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சோதனை ஓட்டம் பராமரிப்பில் அடங்குமா என்பதை ஒரு வரியில் தெளிவுபடுத்த வேண்டும். அடங்காது என்றால், புதுப்பித்து முடித்த வண்டிக்குக் குறிப்பிட்ட தூரமும் நேரமும் வரையறுத்து, காப்பீட்டோடு கூடிய தற்காலிக அனுமதி தரலாம்.

நான் கேட்பது சலுகையன்று. அதே வடிவத்தில், அதே அளவில் பாகத்தை மாற்றுவது சீரமைப்புத் தடைக்குள் வராது என்றும், அசல் பொருள் கிடைக்காதபோதும் பாதுகாப்புக்காகவும் செய்யும் மாற்றங்களை எழுத்தில் அறிவித்தால் ஏற்கலாம் என்றும் ஒரு விளக்கச் சுற்றறிக்கையை மாநிலப் பதிவு அலுவலர்களுக்கு அமைச்சகம் அனுப்ப வேண்டும். ஆய்வு செய்யும் இடத்தில் ஸ்பானர் பிடித்துப் பழகிய ஒருவரேனும் உடன் இருக்க வேண்டும். காரை வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல், கதவைத் திறந்து கீலைப் பிடித்து ஆட்டிப் பார்க்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். சேசிஸை வெட்டி நீட்டுபவர்களையும், பழைய பெயர்ப்பலகையைப் புது உடலில் ஒட்டுபவர்களையும் இதே விதியால் இன்னும் கடுமையாகத் தடுங்கள். அதற்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

கழற்றிய பழைய சட்டங்கள் அனைத்தையும், எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எண்ணிட்டு, மூன்று சாக்குகளில் கட்டி வைத்திருக்கிறேன். பிரிக்கும்போதும் கோக்கும்போதும் எடுத்த படங்களும் இருக்கின்றன. தங்கள் அமைச்சகத்தின் சார்பில் யார் வந்து எந்த நாளில் கேட்டாலும், அந்தத் துண்டுகளைப் புதிய தூணின் பக்கத்தில் வைத்து அளவு காட்ட அணியமாக இருக்கிறேன். இடது கதவுத்தூணின் கீழ்ப்பாதியை மட்டும் காட்ட இயலாது, அது மண்ணாகிவிட்டது.

இப்படிக்கு,
பழமைக் கார் உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.