டிரம்ஸ்காரர் மட்டும் மாறவில்லை

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. மாலதியின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. அவன் அறையில்தான் இப்போது ஸ்பீக்கர்களை வைத்துப் பாட்டுக் கேட்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜாஸ் மெசெஞ்சர்ஸ் என்ற அமெரிக்க ஜாஸ் குழுவின் இசைத்தட்டுகள் இரண்டு வாங்கினாய், ஒன்று 1958, இன்னொன்று 1980களில் வந்தது. இரண்டிலும் டிரம்ஸ் வாசிக்கும் ஆர்ட் பிளேக்கியைத் தவிர ஒருவர்கூடப் பொதுவாக இல்லையே, இது ஒரே குழுதானா என்று எழுதியிருந்தாய். ஒரே குழுதான். 1950களின் நடுவில் தொடங்கி 1990இல் பிளேக்கி இறக்கும்வரை, ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஓடிய குழு. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததுதான் அதன் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

பிளேக்கி பிட்ஸ்பர்கில் 1919இல் பிறந்தவர். குழுவைத் தொடங்கியபோது அவருக்குச் சமமாக நின்றவர் பியானோ வாசித்த ஹொரேஸ் சில்வர். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் இருவரும் சேர்ந்து வாசித்த பதிவு இருக்கிறது. டிரம்பெட்டில் கிளிஃபோர்ட் பிரவுன். (இரண்டே ஆண்டுகளில் கார் விபத்தில் போய்விட்டார், 25 வயது. அந்த டிரம்பெட்டைக் கேட்கும்போதெல்லாம் மனது கனத்துவிடும்.) அன்று மேடையிலேயே பிளேக்கி அறிவிக்கிறார்: நான் இளைஞர்களோடுதான் இருக்கப்போகிறேன், இவர்களுக்கு வயதானால் இன்னும் இளையவர்களைத் தேடிக்கொள்வேன் என்று. பேச்சுக்குச் சொன்னதல்ல, வாழ்நாள் முழுக்க அதையே செய்தார்.

1956இல் சில்வர் விலகித் தனிக்குழு அமைத்தார். சாக்ஸபோன் வாசித்த ஹாங்க் மோப்லியும் பாஸ் வாசித்த டக் வாட்கின்ஸும் அவரோடு போனார்கள். ஜாஸ் மெசெஞ்சர்ஸ் என்ற பெயர் மட்டும் பிளேக்கியிடம் தங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகள் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். அதைத் தாண்டி உன் 1958 தட்டுக்கு வருவோம்.

அந்த அணியில் பிளேக்கியைத் தவிர நால்வருமே பிலடெல்பியாக்காரர்கள். டிரம்பெட்டில் லீ மார்கன், வயது 20. பியானோவில் பாபி டிம்மன்ஸ். பாஸில் ஜிமி மெரிட். சாக்ஸபோனில் பென்னி கோல்சன், இவர்தான் இசைப் பொறுப்பும். அவர்கள் வாசித்த 'மோனின்' என்ற மெட்டு பிறந்த விதத்தைக் கேள். டிம்மன்ஸ் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் ஒரு சின்னத் துணுக்கை விளையாட்டாக வாசித்துக்கொண்டிருப்பாராம். கோல்சன் அவரை உட்காரவைத்து, நடுப்பகுதி ஒன்று எழுதி முழுப் பாட்டாக்கு என்று சொல்லியிருக்கிறார். பியானோ ஒரு வரி கேட்கிறது, குழுவே சேர்ந்து பதில் சொல்கிறது. கறுப்பின மக்களின் தேவாலய வழிபாடு அப்படியே அதில் இருக்கிறது.

பிளேக்கி சொந்தமாக எழுதிய மெட்டுகள் குறைவு. வருகிறவர்களை எழுத வைத்தார், அவர்கள் பெயரைச் சொல்லி மேடையில் அறிமுகப்படுத்தினார். ஆனால் செல்லம் கொடுக்கவில்லை. கோல்சன் இதைச் சொல்லியிருக்கிறார்: மென்மையாக வாசிக்கும் பழக்கத்தோடு வந்த அவரை பிளேக்கி தன் டிரம்ஸால் மூழ்கடித்து, அந்தக் குழியைவிட்டு வெளியே வா என்று கத்தினாராம். அவருடைய பிரஸ் ரோலை நீ கவனித்திருப்பாய். முணுமுணுப்பாகத் தொடங்கி இடியாக வளரும் உருட்டல் அது. தனியாக வாசிப்பவர் தயங்கினால் அதுதான் பின்னாலிருந்து தள்ளும்.

1959இல் சாக்ஸபோன் வாசிக்க வெய்ன் ஷார்ட்டர் வந்தார். எனக்கு மிகப் பிடித்த காலம் அவர் இருந்த இந்த ஐந்து ஆண்டுகள். 1961இல் மார்கனும் டிம்மன்ஸும் விலக, டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட், டிராம்போனில் கர்ட்டிஸ் ஃபுல்லர், பியானோவில் சீடர் வால்டன் மூவரும் சேர, ஐவர் குழு அறுவர் குழுவானது. டிராம்போனும் சேர்ந்து மூன்று ஊதுகருவிகள் எழுப்பும் ஒலியில் ஒரு கனம் வந்தது. ஷார்ட்டர் எழுதிய மெட்டுகள் அதுவரை யாரும் போகாத பக்கம் திரும்பின. 1964இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்கு அவர் போனபோது பிளேக்கிக்கு அது பெரிய இழப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் குழு நிற்கவில்லை.

இருட்டான பக்கத்தையும் எழுதாமல் விட எனக்கு மனமில்லை. ஹெராயின் அந்தக் குழுவைச் சுற்றியே இருந்தது. பிளேக்கியே அதற்கு அடிமையாக இருந்தவர், லீ மார்கனும் அப்படியே. மார்கன் 1972இல் நியூயார்க் கிளப் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 33. டிம்மன்ஸ் 38 வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். 'மோனின்' கேட்கும்போது இந்த இருவரும் என் கண்முன் வராமல் இருப்பதில்லை.

1970களில் ராக் இசை வந்து ஜாஸ் கிளப்புகள் வாடின. பிளேக்கி தன் பாணியை விடவில்லை. மாஸ்கோவிலிருந்து வந்த வலேரி பொனமரேவ்கூட அப்போது அவரிடம் டிரம்பெட் வாசித்தார். அப்புறம் 1980இல் 18 வயது விண்டன் மார்சாலிஸ் வந்து சேர்ந்தார், அவர் அண்ணன் பிரான்ஃபர்டும் வந்தார். இருவரும் கிளம்பியதும் அதே நியூ ஆர்லியன்ஸிலிருந்து டெரன்ஸ் பிளான்சார்டும் டொனால்ட் ஹாரிசனும் அந்த இடங்களுக்கு வந்தார்கள். உன் இரண்டாவது தட்டில் நீ கேட்பது இந்தக் காலத்தைத்தான். பழைய வேகம் இருக்கிறது, வாசிப்பில் பிசிறே இல்லை. ஆனால் 1958இல் இருந்த அழுக்கும் வியர்வையும் எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. உனக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

கடைசி ஆண்டுகளில் பிளேக்கிக்குக் காது மிகவும் மந்தமாகிவிட்டது. அதிர்வை வைத்தே வாசித்தார் என்கிறார்கள். 1990 அக்டோபரில், 71 வயதில், புற்றுநோயில் இறந்தார்.

அடுத்து நீ கேட்க வேண்டியது 1964இன் 'ஃப்ரீ ஃபார் ஆல்'. ஷார்ட்டரின் மெட்டு. ஹப்பர்ட், ஃபுல்லர், வால்டன், பாஸில் ரெஜி வொர்க்மன். நடுவில் பிளேக்கி கத்துவதும் கேட்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள், மாலதி தூங்கும் நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள். கேட்டுவிட்டு, 1980களின் தட்டைப் பற்றி நான் சொன்னதை ஏற்கிறாயா என்று எழுது. பொங்கல் கழித்து அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறேன், தேதி முடிவானதும் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்